உபயப் படகு

எங்கள் பக்கத்து ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட, 'உபயம்' என்று பெரிதாகப் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் வெள்ளத்துக்குப் படகு வாங்கினால் சும்மா இருப்பார்களா?

அடையாற்றை ஒட்டிய எங்கள் தெருவுக்கு மழைக்காலத்தில் தண்ணீர் அழையா விருந்தாளி. இனி யாரையும் எதிர்பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம் என்று, தெருச் சங்கத்தில் நன்கொடை திரட்டி ஒரு ஃபைபர் படகு வாங்கினோம். ஓட்டித் தரக் குப்பத்து மீனவர் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

படகு வந்து இறங்கியதுமே சண்டை. கீழே எழுதினால் பெயர் தண்ணீருக்குள் போய்விடுமாம். ஆகவே எல்லோருக்கும் மேல் வரிசைதான் வேண்டும். அதிகம் கொடுத்த எதிர்வீட்டு மாமா, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மேலே இடம் பிடித்தார். எனக்குக் கிடைத்தது அடிப்பாகம்.

"மீனெல்லாம் படிக்கட்டுமே" என்று மாமா ஆறுதல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாமாதான் முதல் ஆளாகப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக ஏறினார். பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர். படகு நகரும்போது, பக்கத்து வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்த பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். நிறைமாதம். வலி எடுத்துவிட்டது.

"ரெண்டு பேரு எறங்கினாத்தான் அந்தப் பொண்ண ஏத்த முடியும். இப்பவே ஃபுல் லோடு கீது" என்றார் படகுக்காரர்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் மாமாவைப் பார்த்தேன்.

"என்னை ஏன்டா பாக்கறே? மேல பேர் போட்டவன் நான்!"

"உங்க பேர் அப்பவே முழுகிடுச்சு மாமா. எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். இத்தனை பேர் பாரத்தில் மேல் வரிசை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. மறுபடியும் அந்தப் பெண் அலறினாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீயும் இறங்குடா. உன் பேர் மொதல்லேயே முழுகியாச்சு."

இருவருமாக அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, மதில் சுவரைப் பிடித்தபடி நின்றோம். "போய்ச் சேர்ந்திருப்பாளோ?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் தெருமுனையையே எட்டி எட்டிப் பார்த்தேன்.

படகு காலியாகத் திரும்பியது. "ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. பயப்படாத சார், ஏறு" என்றார் படகுக்காரர்.

மாமா ஏறவில்லை. "கோடியாத்துல, அதான் தெருவோட கடைசி வீட்டுல, ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்கார். மொதல்ல அங்க போப்பா" என்றார்.

குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் அவரைத் தனியே விட்டு ஏற மனம் வரவில்லை.