அப்பா தூங்காத படம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தூங்குமூஞ்சி இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் ஊர் தெப்ராவில் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடித்து, எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் அதே பாலத்தில் ஊர்ந்து வீடு வந்து சேர்கிறவனை அப்படிச் சொல்வது அநியாயம். என் மனைவி அப்படித்தான் சொல்வாள். ஒரு வாரம் அந்தப் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தினமும் பாலம் தாண்டுகிறவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. உட்கார்ந்த மறுநொடி தூங்கிவிடுவோம். பேருந்து குடிநுழைவு மையத்தில் நின்று விளக்கைப் போட்டால், கண் திறப்பதற்கு முன்பே கால் எழுந்துவிடும். கை தானாகப் பைக்குள் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துவிடும். முண்டியடித்து ஓடி வரிசை பிடிக்க வேண்டும். பிந்தினால் போச்சு. இந்தக் கரையில் ஒரு தடவை, அந்தக் கரையில் ஒரு தடவை. நடுவில் கிடைக்கும் தூக்கம்தான் எங்களுக்குத் தூக்கம். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

இருட்டாக, குளுகுளுவென்று, மெத்தென்ற நாற்காலியோடு ஓர் இடம் இருந்தால் அங்கே என் உடம்பு என்ன செய்யும்? போன வருடம் மகளைக் கார்ட்டூன் படத்துக்கு அழைத்துப் போனேன். விளம்பரம் ஓடியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது விளக்கு எரிந்ததுதான். துள்ளி எழுந்தேன். இரண்டு பேரின் முழங்காலைத் தாண்டினேன். படியில் இறங்கி ஓடி, கதவருகே நின்ற திரையரங்குப் பெண்ணிடம், எப்போதும் பையிலேயே கிடக்கும் என் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

பாவம், நல்ல பெண். வாங்கித் திறந்து, படத்தைப் பார்த்து, என் முகத்தையும் பார்த்து, “தெரிமா காசே, அங்கிள்” என்று நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பின்னால் ஒரு குடும்பமே சிரித்தது. அது என் மகளுடைய வகுப்புத் தோழியின் குடும்பம். காருக்குள் ஏறிய பிறகு மகள், “இனிமே நான் அம்மாகூடத்தான் படம் பாக்க வருவேன்” என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. எனக்கு மானம் போயிற்று.

இந்த வருடம் வந்தது வேறு படம். நான் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமைக் கார்ட்டூன் படமாக எடுத்துவிட்டார்கள் என்று அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

அந்த கேம் எனக்குச் சும்மா இல்லை. செடெனாக் பக்கம் எஸ்டேட் தோட்டத்தில் இருந்தபோது, கணக்கெழுதும் கிராணி வீட்டில் மட்டும்தான் அந்த கேம் பெட்டி இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர்கள் ஹாலில் சப்பணம் கொட்டி உட்கார்ந்திருப்போம். ஆளுக்கு மூன்று உயிர். குழியில் விழுந்து மூன்றும் போனால் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கடைசிக் கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவனும் பார்த்ததில்லை.

பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது மகளுக்குப் போன் போட்டு அந்த விளையாட்டைத்தான் கதையாகச் சொல்வேன். தெரிந்த வரைக்கும் உண்மை. தெரியாத இடத்தில் சொந்தச் சரக்கு. கப்பலை விழுங்கும் மீன், பாட்டுப் பாடினால் திறக்கும் கதவு என்று வாய்க்கு வந்ததெல்லாம் விடுவேன். நான் வீடு சேர்வதற்குள் அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். வார நாட்களில் அந்த அரை மணி நேரம்தான் நான் அவளுக்கு அப்பா.

படத்துக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது அவள் நிபந்தனை போட்டாள்.

“நீங்க முழுசா முழிச்சிருந்து பாக்கணும். எது நெஜமா கேம்ல இருந்துச்சு, எது நீங்க ரீல் விட்டதுன்னு எனக்குச் சொல்லணும். தூங்கிட்டீங்கன்னா இனிமே போன்ல கதை வேணாம்ப்பா.”

“கதையே வேணாமா?”

“வேணாம்.”

சிரித்து மழுப்பினேன். அவள் அம்மாவின் மகள், சொன்னால் செய்வாள். அந்தக் கதையும் போய்விட்டால் பாலத்தில் நின்றுகொண்டு நான் அவளிடம் எதைப் பேசுவேன்? சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் செய்தாயா, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், காலைப் பூசையில் பிரசங்கத்தின்போதே கண் சொருகியது. மனைவி முழங்கையை ஓங்கி, பிறகு இறக்கிவிட்டாள். “இங்கயே தூங்கிக்குங்க. சாமி மன்னிச்சிருவாரு. அவ மன்னிக்க மாட்டா” என்று காதில் சொன்னாள். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் அன்பிய ஜெபத்துக்குப் போக வேண்டும் என்று அவள் வரவில்லை. போகும்போது, உப்பில் காய்ந்த புளிப்புப் பழமான அசாம் பொட்டலம் ஒன்றை என் சட்டைப் பையில் திணித்தாள். அந்தப் புளிப்புக்குச் செத்தவனும் எழுந்து உட்காருவான்.

பேரங்காடியில் இரண்டு கோப்பி ஓ குடித்தேன். பாலும் சீனியும் இல்லாமல், கெட்டியாக. மகள் எதிரே உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை மேற்பார்வை பார்த்தாள்.

விளக்கு அணைந்தது. நான் சாய்ந்தே உட்காரவில்லை. இருக்கையின் நுனியில் இருந்தேன். படம் தொடங்கியதும் அந்தப் பழைய இசையைப் போட்டார்கள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேமில் வரும் அதே நாயகன் கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவினான். குழி வந்தபோது என் கட்டைவிரல் தானாக அழுத்தியது. தோட்டத்துப் பயல்கள் அத்தனை பேரும் இப்போது எங்கே இருக்கிறார்களோ, அவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம். இந்தச் சந்தோஷத்தில் எவனுக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன்.

வந்தது. நடுவில் ஒரு காட்டுக் காட்சி. திரை முழுக்க நீலம், மெதுவாக ஒரு தாலாட்டு. படம் எடுத்தவனைத் திட்டினேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அசாம் கொட்டையைக் கடித்ததில் பல் கூசியது. அப்புறம் கோப்பி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. தூக்கத்தை நேராகத் தடுக்காமல், கழிவறைக்குப் போ என்று வேறு வழியில் தடுத்தது. போகவில்லை. காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்து, முப்பது வருடம் கழித்து அந்தக் கடைசிக் கோட்டைக்குள் நுழைந்தேன்.

விளக்கு எரிந்தது. என் கண் திறந்தே இருந்தது. முதலில் கழிவறைக்கு ஓடினேன்; பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

“எப்படி? அப்பா கொஞ்சமாச்சும் தூங்குனேனா?”

“இல்லப்பா. தூங்கல.” அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் விடுவேனா? நடந்துகொண்டே கணக்குத் தீர்க்க ஆரம்பித்தேன். “அந்தச் சுத்துற நெருப்புப் பாலம் நெஜம்மா, அப்படியே கேம்ல இருந்துச்சு. பாட்டுப் பாடுற கதவு நான் விட்ட ரீலு. ஆனா மீனப் பாத்தியா? நான் சும்மா சொன்னது, அவங்களும் வச்சிருக்காங்க லா.”

“மீன் வந்துச்சா?”

“வந்துச்சே. கப்பல முழுங்குச்சே. அவன் தங்கச்சிதான இழுத்துக் காப்பாத்துனா.”

“அவனுக்குத் தங்கச்சி இருக்கா?”

நின்றுவிட்டேன். படத்தில் பாதிக்கு மேல் அந்தத் தங்கைதான்.

“நீ படம் பாக்கலயாம்மா?”

“பாத்தேன். கொஞ்சம் கொஞ்சம்.” காலணியின் நுனியால் தரையைத் தேய்த்தாள். “நான் உங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன்ல. ரெண்டு தடவ உங்க கண்ணு மூடப் போச்சு. நான் பாப்கார்ன் டப்பாவ ஆட்டுனேன். அப்புறம் முழிச்சிட்டீங்க.”

அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் பிள்ளை இப்படித் தொந்தரவு செய்கிறது என்று அப்போது எரிச்சல்கூடப் பட்டேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சனங்கள் நடமாடும் இடம், அதனால் மூக்கைச் சிந்துவதுபோல் சமாளித்தேன். நான் என் கண்ணோடு மல்லுக்கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் ஆசையாகக் காத்திருந்த படத்தை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான் தூங்கிவிட்டால் கதை நின்றுவிடும் என்று என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள். தானே போட்ட நிபந்தனை அவள் கழுத்திலேயே மாட்டியிருக்கிறது.

கையைப் பிடித்து நேரே டிக்கெட் முகப்புக்கு இழுத்துப் போனேன். அடுத்த காட்சிக்கு, திரைக்கு மிக அருகில் இரண்டு இடம் இருந்தது. மனைவிக்குப் போன் போட்டேன்.

“அதே படமா? இப்பதான பாத்தீங்க?”

“நான்தான் பாத்தேன். அவ பாக்கல.”

“அவ பாக்காம என்ன பண்ணா?”

“வீட்டுக்கு வந்து சொல்றேன்.”

மறுபடியும் இருட்டு, மறுபடியும் அதே விளம்பரங்கள். நான் பழக்கதோஷத்தில் நுனியில் உட்கார்ந்து அசாம் பொட்டலத்தைப் பிரித்தேன். மகள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என் தோளைப் பின்னால் தள்ளிச் சாய்த்தாள்.

“இந்தத் தடவ நீங்க தூங்குங்கப்பா. நான் படம் பாக்கணும். நாளைக்குப் போன்ல நான் உங்களுக்குக் கதை சொல்றேன்.”

சரிம்மா என்றேன். படத்தின் பெயர் போடும்வரைகூட நான் தாக்குப்பிடிக்கவில்லை.