உருண்டை தவழ்ந்து முடிக்கட்டும்

டைல்ஸ்காரர் மனைவியோடு குடித்தனம் நடத்தியதைவிட, முட்டி போட்டுத் தரையோடு குடித்தனம் நடத்திய காலம்தான் அதிகம். ஊரில் பாதிக் குளியலறை அவர் கைவேலை. தரையெல்லாம் வழவழவென்று ஆக ஆக, அவர் முட்டி மட்டும் கரடுமுரடாகிக்கொண்டே போனது. இப்போது அவர் நடந்தால் துருப்பிடித்த கதவு திறப்பதுபோலச் சத்தம் வரும்.

மகள் விடவில்லை. செயற்கை மூட்டு வைக்க நாளே குறித்துவிட்டாள். கையெழுத்து வாங்குமுன் டாக்டரம்மா கேட்டார்: "ஆபரேஷன் முடிஞ்சதும் என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?"

"வலியில்லாம நடக்கணும்," என்றாள் மகள்.

"மாடி ஏறணும்," என்றார் மருமகன்.

"புலம்பறதை நிறுத்தணும்," என்றாள் மனைவி.

"முட்டி யாருதுங்க?" என்று டாக்டரம்மா அவரையே பார்த்தார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்குக்கூட அவரை யாரும் கேட்டதில்லை.

"தரையில உக்காரணும்மா. பேத்தி இப்பத்தான் தவழறா. உருண்டைன்னு கூப்பிடுவோம், அப்படி ஒரு அழகு. அவளோட நானும் உருளணும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வலி நல்லாக் குறையும். ஆனா சப்பணம் போடறது, முட்டி போடறதெல்லாம் கஷ்டம். நீங்க எக்ஸ்ரே எடுக்கப் போனப்ப உங்க பொண்ணுகிட்ட சொன்னேனே?"

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். மகள் மின்விசிறியைப் பார்த்தாள். "சொன்னா நீங்க வரமாட்டீங்கப்பா..."

"அடிப்பாவி! பழைய தரையைப் பெயர்க்கவே நான் வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டுத்தான் சுத்தியலைத் தொடுவேன். ஏம்மா, தள்ளிப் போட்டா கால் போயிடுமா?"

"போகாது. வலிக்கும், தேய்மானம் கூடும். மாத்திரை, பயிற்சி தரேன். தாங்க முடியலைன்னா உடனே வரணும்."

"அப்ப சரி. அவ எழுந்து நடக்கட்டும், அப்புறம் நானும் நடக்கறேன்."

"கூட வந்து உருளுங்கன்னு குழந்தை உங்களைக் கேட்டுச்சா?" என்றாள் மனைவி.

"பேச வரட்டும்டி. அதுகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடலாம்."

அன்று சாயங்காலம் "ஐயோ, அம்மா" என்று முனகிக்கொண்டே கூடத்தில் குப்புறப் படுத்தார். உருண்டை குடுகுடுவென்று தவழ்ந்து வந்து, மீசையைப் பிடித்து இழுத்து, பல்லில்லாத வாயால் அவர் மூக்கைக் கடித்தாள். முகமெல்லாம் எச்சில்.

தூக்கிவிட மகளும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள். நீட்டிய கையை மகள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எழுந்துக்கறீங்களாப்பா?"

"மாட்டேன், போ," என்றார் டைல்ஸ்காரர்.