அக்கா கட்டிய துறைமுகம்

என் அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அக்காவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் தொலைபேசி வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால், ஆள் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் கணினியில் ஒரு விளையாட்டு. படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். 'வடக்கு' என்று தட்டினால் அடுத்த அறை எப்படியிருக்கிறது என்று நாலு வரி வரும். கணினிக்குப் படம் காட்டத் தெரியாத காலத்தில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிவைத்த சமாசாரம். பல ஊர்க்காரர்கள் ஒரே குகைக்குள் ஒன்றாக நடக்கலாம். இந்த மாதிரி விளையாட்டுகளில் சண்டைக்கென்று சில, வெறும் அரட்டைக்கென்று சில, ஆடுகிறவர்களே அறை கட்டுவதற்கென்று சில. அக்காவுடையது கடைசி வகை.

"எழுத்தைப் படிக்கிறதுக்குப் பேரு விளையாட்டாக்கா?" என்று வாருவேன்.

"உனக்குப் பொறாமைடா" என்பாள்.

இரண்டு வருடம் உட்கார்ந்து நாற்பத்தோரு அறைகளில் ஒரு துறைமுகம் கட்டினாள். அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது இடத்தைத் திறக்குமுன், அதைப் பார்த்திராத ஒருவர் யாரையும் கேட்காமல் கடைசி அறைவரை போய்க் காட்ட வேண்டும். இரண்டு முறை முயன்றும் அவரால் முடியாவிட்டால் கட்டியதை அழித்துவிடுவார்கள். யார் போவது என்று குலுக்கிய சீட்டு, 'ஆந்தை' என்ற பட்டப்பெயர்க்காரருக்கு விழுந்தது.

ஆந்தை வாசலையே தாண்டவில்லை. "எனக்குக் கண்ணு தெரியாதுங்க. கம்ப்யூட்டர் படிக்கிறதைக் கேட்டுத்தான் ஆடுறேன். உங்க வாசல்ல கோடு, புள்ளி, கோடுன்னே படிச்சிட்டிருக்கு. வழி எங்க இருக்குங்க?" என்று எழுதினார்.

அக்கா வாசலில் கோடும் புள்ளியுமாக ஒரு வரைபடம் போட்டிருந்தாள். ஒரு மாத உழைப்பு. பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். அதை நம்பி, அறைகளில் வழியே சொல்லவில்லை.

"இருட்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட தினமும் பேசுறேன். எனக்குப் புத்தி எங்கடா போச்சு?" என்றாள். வரைபடத்தை அழித்தாள். மூன்று வாரம் விடுமுறை போட்டு நாற்பத்தோரு அறைகளையும் திரும்ப எழுதினாள். இடப்பக்கம் சங்கிலி உரசுகிறது, வடக்கே படகுக்குப் பூசும் கீல் வாசனை, காலடியில் பலகை முடிந்து கல் தொடங்குகிறது.

இரண்டாம் முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினோராம் அறையில் ஆந்தை நின்றுவிட்டார். அக்கா நகத்தைக் கடித்தாள். பிறகு 'வடக்கு' என்று வந்தது. ஒரு மணி நேரத்தில் கடைசி அறைக்குப் போய்விட்டார். நான்தான் மேஜையைத் தட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி ஒரு துறைமுகமே கட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றே திறந்துவிட்டார்கள். வாசலில் ஒரே கூட்டம், எழுத்தை முழுசாகப் படிக்காமல் ஆளுக்கொரு பக்கம் முட்டிக்கொண்டார்கள். ஆந்தை அங்கே திரும்பி வந்தார்.

"வழி தெரியாதவங்க என் பின்னாடி வாங்க" என்று எழுதினார்.

ஆறு பேர் அவர் பின்னால் போனார்கள். ஆறு பேருக்கும் கண் நன்றாகத் தெரியும்.