சிரித்தபோது விழுந்தவளைப் பிடித்த சரோஜா அக்கா

சரோஜா அக்கா இறந்துவிட்டார் என்று பள்ளிப் பேருந்து அம்மாக்களின் வாட்ஸ்அப்பில் பார்த்தபோது, லிட்டில் இந்தியா பூக்கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன் பயம்தான் வந்தது. மகள் கவிதாவிடம் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கிய அந்த பஸ் ஆன்ட்டியின் அதட்டல் இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் தெரியும்.

"அக்கா, உங்களுக்குப் பயந்து டிரைவரே ரெண்டு சீட் பெல்ட் போடுறாரு லா" என்பேன்.

"ஒன் வாய்க்கும் ஒண்ணு வாங்கணும்டி" என்பார்.

கவிதா எட்டு வயதிலேயே பெரியவளாகிவிட்டாள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உளுந்தங்களியும் நல்லெண்ணெய் முட்டையும் ஊட்டினேன். பிள்ளை ஊதிக்கொண்டே போனாள். சோற்றில் கைவைத்தபடியே தூங்கினாள். வயசுக்கு வந்த அசதி என்று இன்னும் இரண்டு உருண்டை கொடுத்தேன். கிளினிக் டாக்டரிடம் தூக்கத்தை மட்டும் சொன்னேன், மற்றதை விழுங்கிவிட்டேன்.

ஒரு காலை பேருந்துப் படியில் ஏறியவளை ஏதோ கேலி செய்தேன். சிரித்தாள். முகம் தொங்கி, முழங்கால் மடிந்தது. அக்கா பிடித்திருக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இது மூணாவது தடவ. முன்ன தடுக்கிச்சுன்னு நெனச்சேன். சிரிச்சாத்தான் விழறா. இது அசதி இல்லடி. வேற என்ன மறைக்கிற?"

அவள் பெரியவளானதைக் காதில் சொன்னேன்.

"அதையும் சேத்துச் சொல்லு. நீ பாதி சொன்னா டாக்டரும் பாதிதான் பாப்பாரு."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். தூங்கவைத்துச் சோதித்தார்கள். நார்கோலெப்சி: மூளையால் விழிப்பைப் பிடித்துவைக்க முடியாத நோய். சில பிள்ளைகளுக்கு இதோடு எடை ஏறும், பருவமும் முந்தி வரும் என்றார் டாக்டர். தூக்கம், பசி, பருவம் மூன்றையும் கவனிக்கும் இடங்கள் மூளையில் அக்கம்பக்கமாம். தீராது, மருந்தால் சமாளிக்கலாம் என்றார்.

பிறகு வீட்டில் கேலியே பேசவில்லை. அவள் சிரித்தாலே பயம். அதற்கும் அக்காவிடம் திட்டு வாங்கினேன். "உக்கார வெச்சு சிரிக்க வைடி!"

நேற்று கவிதாவை உட்காரவைத்து, தோளை அணைத்துக்கொண்டு செய்தியைச் சொன்னேன். அழுதாள். "இனிமே டாக்டர்கிட்ட யாரும்மா கூட வருவா?" என்றாள்.

ஒரு மாதமாக, கண் விழிக்கும்போது அறையில் யாரோ நிற்பதாகச் சொல்கிறாள். பேய் என்று ஊர் பேசுமே என நடுங்கி, யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. பயம் போகவில்லை, அக்கா. ஆனால் முழுதாகச் சொல்லும் பழக்கத்தை என்னிடம் விட்டுப்போயிருக்கிறீர்கள். வியாழக்கிழமை டாக்டரிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.