யார் எடுத்த மூச்சு

அன்று மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கருணா சேர், வியோலா வாசிப்பவர். அது வயலினைப் போலத்தான், கொஞ்சம் பெரியது, சளி பிடித்த குரல். மெரில் மிஸ், இரண்டாவது வயலின். ஷாமினி மிஸ், செல்லோ. அதைக் காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிப்பார். நிரோஷா, முதல் வயலின், நான்கு பேரிலும் இளையவள். சுவரோரம் பாயில் படிக்க வந்த பிள்ளைகள். குசினி வாசலில் நான். வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கேட்கிற ஆட்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், வேறு யாராவது நின்றிருப்பார்களோ என்று. நிற்கவில்லை.

எனக்கு இந்த மாதிரிக் கதைகளில் நம்பிக்கை கிடையாது. கடல் ஊருக்குள் வந்த வருடம் செத்தவர்களின் மையத்துகளைத் தூக்கியவன் நான். பள்ளிவாசல் முற்றத்தில் அவற்றுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுத் தூங்கியிருக்கிறேன். ஒன்றும் வந்து என்னை எழுப்பவில்லை. ஜின் உண்டு என்று ஓதியிருக்கிறோம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் செத்தவர் திரும்பி வருவார் என்று யாராவது சொன்னால் எழும்பிப் போய்விடுவேன். நீங்களும் எழும்பிப் போகலாம். சொல்வதைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் சாய்ந்தமருது. தொழில் சமையல். ஆகஸ்ட் விடுமுறைக்கு ஒலுவிலில் கடலோரத்து வீடு ஒன்றில் இந்த வாத்தியக்காரர்கள் ஒரு கிழமை வகுப்பு வைப்பார்கள். கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு என்று பல இடத்துப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிப்பார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில். பின்மதிலைக் கடல் கொண்டுபோய்விட்டது, வீடு மிச்சம். அங்கே தங்கிச் சமைப்பது நான். "பாட்டுக்காரனுகளுக்கு ஆக்கிப் போடப் போறீங்க, நாளைக்கு நீங்களும் பிடில் தூக்கிட்டு வருவீங்க" என்று வீட்டில் மனைவி பகிடி பண்ணுவாள். எனக்கு அந்த ஓசை பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. வெங்காயம் வெட்டும்போது கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர்கள் வேலை செய்கிற முறையை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருவார்கள். முன்னால் நின்று கம்பு ஆட்டுகிற ஆள் இல்லை. ஒன்று, இரண்டு என்று சொல்கிறவரும் இல்லை. முதல் வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சில் நான்கு வில்லும் ஒன்றாய்க் கம்பியில் இறங்கும். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்கள்: தாளைப் பார்க்காதே, மூச்சைக் கேள்.

முன்பு முதல் வயலின் டொமினிக் சேர். நல்ல மனிதர், பாரை மீன் குழம்பு என்றால் இரண்டாம் தரமும் சோறு கேட்பார். மூக்கு ஒரு பக்கம் கோணல். சின்ன வயதில் பந்து பட்டதாம். அவர் மூச்சு இழுத்தால் முதலில் ஒரு சீறல், முடிவில் சின்னதாய் ஒரு விசில். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நின்றாலும் எனக்குக் கேட்கும். பிள்ளைகள் அவர் இல்லாத நேரத்தில் அப்படியே செய்து காட்டிச் சிரிப்பார்கள். அவருக்கும் தெரியும். "சிரிங்க, சிரிங்க, இந்த விசில் இல்லாட்டி இவங்க மூணு பேருக்கும் ரயில் கிளம்பாது" என்பார்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் அவர் அங்கேதான் மௌத்தானார். பின்னேரம், ஒத்திகையில். நான் தேநீர்த் தட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு பேரும் சட்டென்று நிறுத்துகிற ஓர் இடம் இருக்கிறது. நீண்ட அமைதி. அதற்குப் பிறகு ஒரு மூச்சு, ஒன்றாய்த் தொடங்குவார்கள். அவர் மூச்சு இழுத்தார். சீறல், விசில், இரண்டும் கேட்டன. மற்ற மூன்று பேரும் சரியாக இறங்கினார்கள். அவர் வில் கம்பியில் இருந்தது, அசையவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து ஷாமினி மிஸ் சிரித்துக்கொண்டே கொஞ்ச தூரம் வாசித்துக்கொண்டு போனார். பிறகு அவர் கண்ணைப் பார்த்தார். இழுத்த மூச்சை அவர் விடவில்லை. இருதயம் என்று டொக்டர் சொன்னார். வேனில் ஏற்றும்போது கால் பக்கம் பிடித்தது நான்.

போன வருடம் அந்தக் கதிரைக்கு நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தம்பிலுவில் பிள்ளை, தகப்பன் மீன்பிடி. ஊர்க் கோயிலில் வயலின் தொடங்கி, கொழும்புக்குப் போய்ப் படித்து, பெரிய ஆட்களோடு வாசிக்கிற அளவுக்கு வந்தவள். நம் பக்கத்துப் பேச்சு அவளிடம் அப்படியே இருந்தது. அதனால் வகுப்பு முடிந்ததும் குசினிக்கு வந்துவிடுவாள், அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்பாள்.

"ஜுனைதீன் காக்கா, ஒரு பிளேன்டி தாங்க. சீனி வேணாம்."

"என்ன புள்ள, முகம் வாடிக் கிடக்கு? கொழும்பாக்கள் ஏசினாங்களா?"

"ஏசினாலும் பரவாயில்ல காக்கா. அவங்க என்ட மூச்சுக்கு வாறாங்க இல்ல."

விளங்கவில்லை என்றேன். விளங்கப்படுத்தினாள். அவள் மூச்சு எடுத்தால் மூன்று பேரும் ஒரு நூல் பிந்தி வருகிறார்களாம். வேண்டுமென்று இல்லை. அவர்களுக்கே தெரியாதாம். பழைய மூச்சின் அளவு அவர்களுடைய கைக்குள் இருக்கிறது, முடிவில் அந்த விசில் வரும்வரை கை காத்திருக்கிறது.

"அப்ப உரக்க எடு."

"எடுத்துப் பாத்தன். மாடு முட்ட வாற மாதிரிக் கிடக்காம்." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "கவுண்மெந்து டீச்சர் வேலைய விட்டுப்போட்டு வந்திருக்கன் காக்கா. வகுப்பு முடியக்குள்ள என்னை வெச்சிருக்கிறதா இல்லையா எண்டு சொல்லுவாங்க. இல்லெண்டா நான் எங்க போறது? விட்ட வேலைய திருப்பித் தருவாங்களா?"

"தரமாட்டாங்க" என்றேன். பொய் சொல்லி என்ன.

கருணா சேர் அவளை விடவில்லை. "நிரோஷா, அது மூச்சா கொட்டாவியா? எங்களுக்கும் தூக்கம் வருதே" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் தலையைக் குனிந்து வில்லுக்கு மெழுகு போடுவாள். கடைசி நாள் பின்னேரம் ஆசிரியர்கள் நான்கு பேரும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அதற்கு டொமினிக் சேர் மௌத்தாகும்போது வாசித்த அதே பாட்டைத்தான் எடுப்பது என்று கருணா சேர் சொன்னார். மெரில் மிஸ் வேண்டாம் என்றார். அழுதார்.

"அந்த இடத்தைத் தாண்டாம நாங்க நாலு பேர் இல்ல மெரில். மூணு பேரும் ஒரு ஆளும்" என்றார் கருணா சேர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கச்சான் காற்று மோசமாக அடித்த கிழமை அது. அந்த வறண்ட காற்றில் வாத்தியத்தின் மரம் வெடிக்கும், கம்பி தளரும் என்று வீட்டு மண்டபத்துக் கதவு யன்னல் எல்லாம் பூட்டித்தான் வாசிப்பார்கள். மின்விசிறியும் இல்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து வாசலில் நின்றேன். நிரோஷா கிட்ட வந்தாள்.

"காக்கா, உங்கட போன்ல ரெக்கோட் பண்ணுங்க. என்டதுல சார்ஜ் இல்ல. பாட்டுல ஒம்பது இடத்துல நான் மூச்சு எடுக்கணும். ஒம்பதுக்கும் அவங்க வந்தாங்களா எண்டு பிறகு கேக்கணும்."

சரி என்றேன். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

தொடங்கினார்கள். நான் இசை தெரிந்தவன் இல்லை, ஆனால் அன்று அவர்கள் அவளோடு வந்தார்கள், அது எனக்கே விளங்கியது. அவள் மூச்சு சின்னது, துணி கிழிக்கிற மாதிரிச் சின்ன ஓசை, அதோடு நான்கு வில்லும் விழுந்தன. ஒவ்வொரு இடமாகத் தாண்டத் தாண்ட அவள் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. மெரில் மிஸ்கூட அவளைப் பார்த்து ஒரு தரம் தலையாட்டினார். இந்தப் பிள்ளை தப்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

கடைசி இடம் வந்தது. சட்டென்று நிறுத்தினார்கள். நான்கு வில்லும் மேலே. கடல் இரைச்சல்கூடப் பூட்டிய கதவுக்கு வெளியே தூரமாய்ப் போனது. அவள் கண்ணை மூடியிருந்தாள். வாயும் மூடியிருந்தது. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பினால் நம்புங்கள், அவள் நெஞ்சு அசையவில்லை. இன்னும் எடுக்கவில்லை, எடுக்கப் போகிறாள்.

அப்போது மூச்சு கேட்டது.

முதலில் சீறல். முடிவில் விசில்.

மூன்று பேரும் இறங்கினார்கள். ஒரு நூல் பிசகவில்லை. வியோலா, இரண்டாவது வயலின், செல்லோ. நிரோஷா கண்ணைத் திறந்து, வில்லை மேலே பிடித்தபடியே இருந்தாள். முதல் வயலின் இல்லாமல் அந்தப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த ஓசையைத் தெரியும். தேநீர்த் தட்டோடு நின்று ஒரு தரம் கேட்டது.

ஷாமினி மிஸ்தான் முதலில் நிறுத்தினார்.

"மூச்சு எடுத்திட்டு ஏன் வாசிக்கல்ல?" என்று மெரில் மிஸ் கேட்டார்.

"நான் எடுக்கல்ல மிஸ்."

"எடுக்காம நாங்க மூணு பேரும் எப்படி ஒண்ணா வந்தோம்? கனவு கண்டு வந்தோமா?"

"கருணா சேர் எடுத்திருப்பாரு."

"நானா? முப்பது வருஷமா நான் எந்த இடத்துல மூச்சு எடுத்திருக்கேன்? வியோலாக்காரனுக்கு உயிரே இல்லன்னு பகிடி பண்றது நீங்கதானே." கோபத்தில்தான் சொன்னார். "வாசிக்கப் பயந்திட்டீங்க. அதை ஒத்துக்கங்க. மூச்சு எடுத்து ஆக்களை இறக்கிட்டு, தான் வாசிக்காம நிக்கிற ஒரு ஆளை நம்பி நாங்க எந்த மேடையில ஏறுறது?"

நிரோஷா என் பக்கம் திரும்பினாள். "காக்காட போன்ல இரிக்கி. போட்டுக் கேளுங்க."

போட்டேன். மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். எட்டு இடம், எட்டு மூச்சு, எட்டும் அவளுடையது. பிறகு அந்த அமைதி. பிறகு அது.

மெரில் மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பாயில் இருந்த பிள்ளைகளில் முந்திய வருடமும் வந்த பிள்ளை ஒன்று, "டொமினிக் சேர்" என்றது. அது சிரித்துச் சொல்லவில்லை. அதற்கு அழுகை வந்துவிட்டது.

கருணா சேர் வியோலாவைப் பெட்டியில் வைத்தார். மெதுவாகத் துணி போர்த்தினார். பூட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"பிழை உங்களுடையது இல்ல நிரோஷா. இடம் காலின்னு நினைச்சுத்தான் உங்களைக் கூப்பிட்டோம். காலியாகல்ல."

"அப்ப நான்?" என்றாள்.

மெரில் மிஸும் தன் வயலினைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். மஃரிபுக்கு முன்னமே நான்தான் அவளை அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மடியில் வயலின் பெட்டி. சாப்பிட்டுப் போ என்று சொன்னேன், பசி இல்லை என்றாள். வருகிற ஆகஸ்ட் வகுப்புக்குச் சமைக்க என்னைக் கூப்பிடவில்லை. வகுப்பே வைக்கப் போவதில்லை என்று கேள்வி. அந்த நால்வர் கூட்டமும் கலைந்துவிட்டதாம்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். ஏதோ காற்று, ஏதோ மனம் என்று விட்டிருப்பேன்.

அந்தப் பதிவு என் போனில் கிடந்தது. நோன்புக்கு முன் ஒருநாள், வீட்டில் தனியே இருக்கும்போது போட்டுக் கேட்டேன். ஒன்பது மூச்சும் இருந்தன. ஆனால் கடைசி இரண்டிலும் சீறலும் விசிலும் கேட்டன. காது பிழை என்று திரும்பப் போட்டேன். அப்படித்தான். மகளைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், இதில் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேர் வாப்பா, ஒரு பொம்புளயும் ஒரு வயசாளியும்" என்றாள். பெருநாள் கழிந்து கேட்டேன். வயசாளிக்கு நான்கு.

போன மாதம் அக்கரைப்பற்றுச் சந்தையில் நிரோஷாவைக் கண்டேன். வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாளாம். மெலிந்திருந்தாள். நாலு வார்த்தை கதைப்பதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினாள்.

"என்ன புள்ள, முட்டு வருத்தமா?"

"இல்ல காக்கா, இந்தக் கச்சான் காத்துக்கு. மறுகா சரியாகும்."

கச்சான் இன்னும் தொடங்கவில்லை.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வாள். பதிவை அழித்துவிடலாம் என்று பல தரம் விரலைக் கொண்டுபோனேன். அழித்தால் அதில் மிச்சம் இருக்கிற அவள் மூச்சும் போய்விடுமோ என்று விரல் நிற்கிறது. போனில் சார்ஜ் இறங்க விடுவதில்லை. தண்ணீர் படாத இடத்தில் வைக்கிறேன்.

நேற்று அஸருக்குப் பிறகு போட்டு, அவளுடையதை மட்டும் எண்ணினேன்.

மூன்று.