இரண்டு அப்பன்களும் இரண்டு ஹாரன்களும்

ஓவியாவுக்குப் பதினாறு வயது. இந்தப் பதினாறு வருஷத்தில் அவள் தனியாகப் போய் வந்த இடம் எது என்று கேட்டால், மாவு மில்லைச் சொல்லலாம். அதையும் முழுசாகச் சொல்ல முடியாது. மாவை அரைத்துக் கையில் கொடுத்ததும் மில்லுக்காரர் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, "கெளம்பிருச்சுண்ணே" என்பார்.

அப்பா சுருளிராஜன் ஜீப்பு டிரைவர். கம்பத்திலிருந்து மலையேறி, கம்பம்மெட்டைத் தாண்டி, கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகிறவர். இருட்டோடு கிளம்பி, அவர்கள் காய் பறித்து முடிக்கிற வரைக்கும் மேலேயே கிடந்து, சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். இறக்கிவிட்ட கையோடு ஜீப்பு நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடும். ஐந்தரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடியும்போது வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்.

அந்த ஹாரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பத்தில் தோட்ட ஜீப்புகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. ஒரே தெருவில் நாலு ஜீப்புக்கு ஆள் இருக்கும். விடியாத நேரத்தில் யார் எந்த வண்டிக்கு வெளியே வருவது? ஹாரனை வைத்துத்தான். தூக்கக் கலக்கத்தில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தூக்குவாளியோடு நிற்கிற பெண்களுக்குக் கண் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. தன் வண்டிச் சத்தம் கேட்டால் ஏறி உட்கார்ந்து மிச்சத் தூக்கத்தைத் தூங்க வேண்டியதுதான்.

சுருளிராஜன் ஹாரன், தாயைத் தொலைத்த கன்றுக்குட்டி மாதிரிக் கத்தும். அது பள்ளிக்கூட வாசலில் கத்தியதும், பதினோராம் வகுப்பு மொத்தமும் ஓவியாவைப் பார்த்து "ம்ம்ம்மா" என்று பதில் கொடுக்கும். கணக்கு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரிப்பார். அவருக்கு முதுகு குலுங்கினால் சிரிக்கிறார் என்று அர்த்தம்.

"அப்பா, நான் பஸ்ல வாரேன்ப்பா. எல்லாரும் வாராக."

"எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

அம்மா பாண்டீஸ்வரியிடம் போனால், "ஒங்கப்பாட்ட கேளு" என்பாள். பாண்டீஸ்வரி திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். இந்த ஒரே வாக்கியத்தை வைத்து ஒரு பிள்ளையைப் பதினோராம் வகுப்பு வரைக்கும் வளர்த்துவிட்டாள்.

ஓவியாவின் கால் ஓரிடத்தில் நிற்காது. பெஞ்சுக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது கொய்யாப் பிஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரின்சி சும்மா கேட்டாள். "ஒனக்கு எந்தக் கலருடி பிடிக்கும்?"

"அப்பாவுக்கு ஊதா."

"அவருக்கு நான் சட்டையா எடுக்கப் போறேன்? ஒனக்குடி?"

ஒரு பீரியடு பூராவும் யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. தனக்குள்ளே ஒரு வீடு இருக்கிறது, சாவியும் கையில் இருக்கிறது, திறந்து பார்த்தால் அப்பாவின் சட்டைதான் கொடியில் தொங்குகிறது என்பது மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கால் இன்னும் வேகமாக ஆடியது.

பிரின்சியின் அப்பா எபனேசரும் ஜீப்பு டிரைவர்தான். ஆனால் அவர் வேறு ரகம். கையெழுத்துப் போடுவதில் மன்னன். எதற்கு என்று படிக்க மாட்டார். பிரின்சி தோளுக்கு மேலே முடியை வெட்டிக்கொண்டு வந்தாள், சாப்பிட்டியா என்றார். தனியாகக் குமுளி வரைக்கும் போய்விட்டு இருட்டி வந்தாள், சாப்பிட்டியா என்றார். இப்படி ஓர் அப்பா கிடைத்தால் எப்படி இருக்கும் என்று வகுப்பே பொறாமைப்பட்டது. பிரின்சி மட்டும் படவில்லை.

"ஒரு நாளு வீட்டுக்கே போகாம பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன்டி. எப்பத் தேடுவாருன்னு பாப்போம்னு."

"வந்தாரா?"

"பசிச்சிருச்சு. நானே போயிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஓவியா கொஞ்சம் முன்னாடியே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஹாரனைப் பிடுங்கிவிடலாம் என்பது ஓவியாவின் யோசனை. பிடுங்கினால் அப்பா அஞ்சு நிமிஷத்தில் மாட்டிவிடுவார். மாற்றிவிடலாம் என்பது பிரின்சியின் யோசனை. எபனேசர் ஹாரன் யாரோ விக்கல் எடுப்பது மாதிரி "கிக்" என்று முடிந்துபோகும். அது வாசலில் அடித்தால் எந்த நாயும் திரும்பிப் பார்க்காது.

"ஒங்கப்பா ஹாரன எங்கப்பா வண்டில மாட்டிரு" என்றாள் பிரின்சி. கீழே கிடந்த சாக்பீசைக் காலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அது எங்க தெருவுல ஒரு தடவ கத்தட்டும். என்னையக் கூப்புடுற மாதிரி இருக்கும்ல."

ஓவியாவோடு வீட்டுக்குத் திரும்பும்போது சுருளிராஜன் ஸ்டாண்டில் டீக்கு இறங்குவார். அங்கே இரண்டு ஜீப்பும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டுதான் நிற்கும். மலையிறங்கிய சூடு ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு அப்பன்களும் எதிர்ப்பக்கம் டீக்குடிக்கப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவளுக்கு ஒரு நட்டும் இரண்டு ஒயரும் பெரிய விஷயமா? டீ ஆறுவதற்குள் முடிந்தது.

ஐந்தரை மணியையே நினைத்துக்கொண்டிருந்த இரண்டு மூளைகளுக்கும், அதற்கு முன்னால் விடியற்காலை என்று ஒன்று வரும் என்பது தோன்றவே இல்லை.

மறுநாள் இருட்டில் எபனேசர் முதலில் வந்தார். ஹாரனை அமுக்கினார். கன்றுக்குட்டி கத்தியது. வேறு யாராக இருந்தாலும் இறங்கிப் பார்த்திருப்பார். எபனேசர், சரி, கத்துது என்று நினைத்தார். கதவுகள் திறந்தன. சுருளிராஜன் வண்டிப் பெண்கள் எல்லாரும் ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தார்கள். ஆள் நிறைந்ததும் அவர் கிளம்பினார். யார் என்று கேட்கிற பழக்கம் அவருக்கு வீட்டிலும் கிடையாது, வண்டியிலும் கிடையாது.

பின்னாலேயே சுருளிராஜன் வந்தார். "கிக்" என்றது. திடுக்கிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடி "கிக்." எபனேசர் வண்டிப் பெண்கள் ஓடி வந்தார்கள். அவர் டார்ச்சை எடுத்து ஒவ்வொரு முகமாக அடித்துப் பார்த்தார்.

"ஆத்தா, நீ எபனேசரு வண்டில்ல?"

"அவரு ஹாரந்தானய்யா அடிச்சிய?"

"எறங்காத்தா. ஒன் ஆளு ஒன்னத் தேடுவாக. கைமாத்தி ஏத்திட்டுப் போயி நான் யாருக்குப் பதில் சொல்றது?"

ஒருத்தரையும் ஏற்றவில்லை. அப்புறம் தன் ஆட்கள் வீட்டுக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார். போய்விட்டார்களே என்று புருஷன்மார் சொன்னார்கள். அன்றைக்கு ஒரு தோட்டத்துக்கு வேற்று ஆட்கள் போய் இறங்கினார்கள். இன்னொரு தோட்டத்துக்கு ஆளே போகவில்லை. சுருளிராஜன் வண்டியில் நெடுநாளாக வருகிற பஞ்சம்மாள், இறங்குகிற இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்து, "இதென்னடி, ராத்திரியோட ராத்திரியா மலைய மாத்திட்டாய்ங்க" என்றாளாம்.

சுருளிராஜன் தெருமுனையில் பானெட்டைத் திறந்தார். ஒயரில் டேப்பு சுற்றியிருந்தது. அடுத்த தடவை பிரிக்க வசதியாக அதன் நுனி மடித்து ஒட்டப்பட்டிருந்தது. கம்பத்தில் அப்படி ஒட்டுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பானெட்டைத் திறந்து நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தார். ஓவியா போர்வைக்குள் தூங்குவது மாதிரி கிடந்தாள். போர்வைக்குள்ளும் கால் ஆடியது.

"எந்திரி."

எழுந்தாள்.

"ஏன் செஞ்ச?"

"பஸ்ல வாரேன்னு சொன்னேன்ல."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அவர் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து நின்று அவளையே பார்த்தார். "எத்தன பேரு இன்னைக்கி வேலைக்கிப் போகாம வாசல்ல நிக்கிறாக தெரியுமா? நாளைக்கி வெள்ளனா நீ வா எங்கூட. ஒவ்வொரு வீட்டு வாசலா எறங்கி, பேரச் சொல்லி நீயே கூப்புடு. அப்பத் தெரியும்." அப்புறம் அடுப்படியைப் பார்த்து, "பாத்தியாடி ஒம் மக செஞ்சத?" என்றார். "நீங்கதான கேக்கணும்" என்றாள் பாண்டீஸ்வரி.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் சுருளிராஜன் பிரின்சியையும் பிடித்துக்கொண்டார். பொட்டப்புள்ளைகளுக்கு இவ்வளவு திமிரா, பானெட்டுக்குள்ள கைய விட்டியே, ஷாக் அடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது, நீ இனிமே இவளோடத்தான் வண்டில வீட்டுக்கு வரணும் என்று மூச்சு விடாமல் திட்டினார். பிரின்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவர் ஜீப்பை எடுக்கத் திரும்பியதும் ஓவியாவின் கையைக் கிள்ளினாள். அவள் முகம் பூராவும் சிரிப்பு.

"எங்கப்பாட்டப் போன்ல நாந்தான் செஞ்சேன்னு சொன்னேன்டி. 'அப்படியா, சாப்பிட்டியா'ன்னாரு." மறுபடி கிள்ளி, "மாமா எம்புட்டு நேரம் திட்டுனாரு பாத்தியா?" என்றாள்.

அடுத்த நாள் விடியுமுன் ஓவியா யூனிபார்மோடும் புத்தகப் பையோடும் ஜீப்பில் ஏறினாள். வீடு வீடாக இறங்கிக் கூப்பிட்டாள். முதல் வாசலில் குரலே வரவில்லை. மூன்றாவது வாசலில் வந்தது. பஞ்சம்மாள் வீட்டில் கதவைத் திறந்ததும், "வாடி என் கன்னுக்குட்டி" என்று சொல்லித் தூக்குவாளியை அவள் தலையில் வைத்தாள். "ஒங்கப்பன் ஹாரன மாத்துன. அப்பன மாத்த முடிஞ்சுச்சா?" ஜீப்பு மொத்தமும் சிரித்தது. இருட்டில் யார் யார் சிரித்தார்கள் என்று தெரியாததால் எல்லார் மேலும் கோபம் வந்தது.

ஜீப்பு வளைவு வளைவாக ஏறியது. கம்பம்மெட்டு செக்போஸ்டு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பனி வண்டிக்குள்ளே வந்து உட்கார்ந்தது. அங்கேதான் ஓவியா கேட்டாள்.

"அப்பா, நான் பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிப் போறது?"

சுருளிராஜன் பிரேக்கை மிதித்தார். தண்டனை கொடுக்கிற வேகத்தில் அவர் மலையேற்றத்தை மட்டும் யோசித்திருந்தார். மலையிறக்கத்தை யோசிக்கவில்லை. திருப்பிக் கீழே போனால் பெண்களுக்கு அன்றைய வேலை போகும். தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் பள்ளிக்கூடம் போகும்.

இறங்கி, கம்பம் பக்கம் போகிறவர்கள் யாராவது தெரிந்தவர்கள் உண்டா என்று தேடினார். டீக்கடையில் கேட்டார். செக்போஸ்டில் கேட்டார். பின்னால் வந்து நின்ற எபனேசர் வண்டியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார். "என்னண்ணே?"

"புள்ள கீழ போகணும். தனியா எப்பிடி விடுறது?"

"பஸ்ல விடுங்க. பஸ்ஸுக்குத் தெரியும்ல கம்பம் எங்கன இருக்குன்னு."

ஜீப்புக்குள்ளிருந்து பஞ்சம்மாள் கத்தினாள். "ஏலே சுருளி! நேத்து ஒம் மக எங்கள மலைய மாத்தி விட்டா. இன்னைக்கி நீ நடுவழில நிப்பாட்டுற. ஏத்தி விட்டுட்டு வாலே!"

கேரளாப் பக்கத்து நெடுங்கண்டத்திலிருந்து வந்த கம்பம் பஸ் நின்றது. சுருளிராஜன் ஏறி, அவளை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார வைத்தார். கண்டக்டரிடம் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமாக இறங்க வேண்டும், பிள்ளைக்கு வளைவில் தலை சுற்றும் என்று எல்லாம் சொன்னார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, "மனசிலாயி சேட்டா, எறங்கு" என்றார். சுருளிராஜன் தன் போனை அவள் பைக்குள் திணித்தார். இறங்கினார். மறுபடி ஏறி, ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"அப்பா, போங்க."

பஸ் நகர்ந்ததும் ஓவியா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் கூடவே ஓடி வருவாரோ என்று பயமாக இருந்தது. ஓடி வராமல் நின்றுகொண்டிருந்தால் அதுவும் ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தபோது வளைவு வந்துவிட்டது.

மூன்றாவது வளைவில் போன் அடித்தது. எபனேசர் என்று காட்டியது. எடுத்தால் அப்பா.

"எங்கன இருக்க?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் வெள்ளையாகப் பனி. அதற்குக் கீழே எங்கேயோ கம்பம் இருக்க வேண்டும்.

"தெரியலப்பா."

"தெரியலயா? கண்டக்டர்ட்டக் குடு போன."

பழக்கத்தில் கை பாதி தூரம் நீண்டுவிட்டது. கண்டக்டரும் வாங்கக் கையை நீட்டினார். ஓவியா இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. எறங்குனதும் நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் பஞ்சம்மாள் யாரையோ வைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றார் சுருளிராஜன். "தலைய வெளிய நீட்டாத."

அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அடுத்த வளைவில் சிக்னல் தானாகப் போனது.

ஓவியா பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கடைசி சீட்டைப் பார்த்து நடந்தாள். ஒரு மரவள்ளி மூட்டையில் இடித்து, மூட்டைக்காரரிடம் ஒரு முறைப்பு வாங்கினாள்.

"பின்னால இருந்தா தூக்கிப் போடும் மோளே" என்றார் கண்டக்டர்.

"போடட்டும் சேட்டா" என்றாள்.