இறங்கிய முள்

அந்த மெக்கானிக்குக்குத் தெருவில் ‘பயந்தாங்கொள்ளி’ என்றுதான் பெயர். சூடான ரேடியேட்டர் மூடியில் கையே வைக்க மாட்டார். வண்டிக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாலும் எஞ்சின் ஆறும்வரை டீயோடு உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குறைகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, குழாய் எங்காவது கசிகிறதா என்று எல்லாம் பார்த்த பிறகே வாயைத் திறப்பார். கேலி பேசியவர்களும் வண்டியை அவரிடமே விட்டார்கள். வேறென்ன செய்வார்கள்!

அன்று மனைவி போன் செய்தாள். கடைகளுக்கு ரொட்டி ஏற்றிப்போகும் வேனை அவள்தான் ஓட்டுகிறாள்; துணைக்கு அவள் தம்பி போயிருந்தான்.

“என்னங்க, மேடு ஏறும்போது சூட்டு முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு. ஓரமா நிறுத்துறதுக்குள்ள தானா இறங்கிடுச்சு. ஆறிடுச்சு போல. தம்பி மூடியத் திறந்து தண்ணி ஊத்தப் போறான்.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். கொதித்த எஞ்சின் ஓடிக்கொண்டே அவ்வளவு சீக்கிரம் ஆறாது. தண்ணீர் வற்றிப்போய், சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில்லாமல் நின்றால் முள் இப்படிப் பொய் சொல்லும். மூடியைத் திருகினால் அடைபட்ட ஆவி முகத்தில் அடிக்கும்.

“தொடாத! ஆறல, தண்ணி போயிடுச்சு! எஞ்சின நிறுத்து!”

“முள்ளப் பாத்து ஓட்டுன்னு நீங்கதான சொன்னீங்க?”

சொன்னது வாஸ்தவம். ஏறினால் நிறுத்தச் சொன்னவர், இறங்கினால் என்னவென்று சொல்லித் தொலைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு அலறல். போன் கட்டாகிவிட்டது.

பைக்கை எப்படி எடுத்தார், எந்த வழியாகப் போனார் என்பது அவருக்கே தெரியாது. அவள் கண், அவள் கன்னம் என்று மனம் கண்டதையும் நினைத்தது.

வேனுக்குப் பக்கத்தில் மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் முனகினான்.

“வெந்துடுச்சாடா?”

“இல்ல மாமா. அக்கா ஸ்பேனரால போட்டுட்டா.”

ரேடியேட்டர் மூடி திறக்கப்படவில்லை. கீழ்க்குழாய் பிளந்து, வழியெல்லாம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே வந்திருந்தது. அவர் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. போன்தான் விழுந்து ஒடஞ்சுபோச்சு,” என்றாள் அவள். “நீங்க சொன்னதுல பாதி புரியல. ஆனா உங்க குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்ல. அதான் அவன் கையிலயே போட்டேன்.”